எடுத்தது எத்தனை, முடித்தது எத்தனை?

மே மாதம் ஸ்பிரிங் செமஸ்டர் கிரேடு வருகிறது. அதன் பின்னாலேயே நிதியுதவி அலுவலகத்தின் மெயில் வருகிறது. அமெரிக்காவில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் வாசகர்கள் எழுதும் கேள்விகளில் பாதி இப்போது அந்த மெயிலைப் பற்றித்தான். இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கே: மகனுக்கு ‘எஸ்.ஏ.பி. வார்னிங்’ என்று கல்லூரியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. கேட்டால் “ஒண்ணுமில்லம்மா” என்கிறான். உண்மையில் ஒன்றுமில்லையா? (ஒரு தாய், எடிசன், நியூஜெர்சி)

ப: இருக்கிறதம்மா. ஆனால் ஒரு செமஸ்டரில் சரிசெய்துவிடக்கூடிய ஒன்று. எஸ்.ஏ.பி. என்பது ‘சாட்டிஸ்ஃபேக்டரி அகடமிக் பிராக்ரஸ்’. அரசுப் பணத்தில் படிக்கிறவர் பட்டத்தை நோக்கி நகர்கிறாரா என்று கல்லூரி பார்க்கும் கணக்கு. பெல் கிராண்ட், வொர்க் ஸ்டடி, ஃபெடரல் கடன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நீங்கள் மகனுக்காக வாங்கும் பேரண்ட் பிளஸ் கடனுக்கும்தான். பெல் கிராண்டின் உச்சத்தொகை 2025-26 கல்வியாண்டில் 7,395 டாலர். ‘ஒண்ணுமில்ல’ என்று ஒதுக்குகிற தொகை இல்லை அது.

வார்னிங் காலத்தில் உதவி தொடர்ந்து வரும், மனு எழுத வேண்டியதில்லை. அந்த ஒரு செமஸ்டர் முடிவில் கணக்கு தேறாவிட்டால் நின்றுவிடும். ஒவ்வொரு செமஸ்டரும் சரிபார்க்கும் கல்லூரிதான் வார்னிங் கொடுக்க முடியும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் கல்லூரியில் இந்தப் படியே கிடையாது, நேராக நிறுத்தம்தான். உங்கள் மகனுக்கு ஒரு செமஸ்டர் அவகாசம் கிடைத்திருக்கிறது. கோபப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மெயிலை முழுதாகப் படியுங்கள்.

கே: என் ஜி.பி.ஏ. 3.4. எனக்கு எப்படி எஸ்.ஏ.பி. போகும்? கல்லூரி கம்ப்யூட்டரில் ஏதோ தப்பு என்று நினைக்கிறேன். (முதலாண்டு மாணவர், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)

ப: தம்பி, டிரான்ஸ்கிரிப்டில் எத்தனை ‘டபிள்யூ’ (பாதியில் விட்ட பாடத்தின் குறி) இருக்கிறது என்று எண்ணிப் பார்.

எஸ்.ஏ.பி.யில் பார்க்கப்படுவது மூன்று. முதலாவது ஜி.பி.ஏ. இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட படிப்பில், இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் குறைந்தது ‘சி’ சராசரியோ, பட்டம் பெறக் கல்லூரி கேட்கும் தகுதிக்கு இணையான நிலையோ இருக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் அது 2.0. நீ அதில் நன்றாகவே இருக்கிறாய். இரண்டாவது, வேகம். எடுத்த கிரெடிட்டில் எத்தனை பங்கு முடித்தாய் என்பது. மூன்றாவது, மொத்தக் காலம். இளநிலைப் படிப்புக்கு அறிவித்த அளவைப்போல ஒன்றரை மடங்குக்குள் முடித்தாக வேண்டும். 120 கிரெடிட் பட்டம் என்றால் 180 கிரெடிட் எடுப்பதற்குள்.

பல கல்லூரிகள் போட்டிருக்கும் 67 சதவீதம் அந்த ஒன்றரை மடங்கிலிருந்து வந்ததுதான். 180 எடுத்து 120 முடித்தால் மூன்றில் இரண்டு பங்கு. அதைவிட மெதுவாக நடந்தால் எல்லைக்குள் ஊர் போய்ச் சேர முடியாது.

உன் மாதிரி ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஃபால் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்தார், 4 கிரெடிட்டில் டபிள்யூ, முடித்தது 11. ஸ்பிரிங்கில் மறுபடி 15, அதில் 7 டபிள்யூ, முடித்தது 8. எடுத்தது 30, முடித்தது 19, அதாவது 63.3 சதவீதம். முடித்த பாடங்களில் நல்ல கிரேடு, அதனால் ஜி.பி.ஏ. அழகாக இருக்கிறது. டபிள்யூ ஜி.பி.ஏ.வைத் தொடாது, வேகத்தை விடாது. விதைத்தது முப்பது, களத்துக்கு வந்தது பத்தொன்பது.

நல்ல செய்தியும் அதே கணக்கில்தான் இருக்கிறது. அடுத்த ஃபாலில் அவர் 12 கிரெடிட் மட்டும் எடுத்து அத்தனையும் முடித்தால் 42க்கு 31, அதாவது 73.8 சதவீதம். ஒரே செமஸ்டரில் கரையேறிவிடலாம். “சீக்கிரம் சரிபண்ண 18 கிரெடிட் எடுக்கிறேன்” என்று பிள்ளைகள் கிளம்புவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சுமையைக் குறை, எடுத்ததை முடி.

கே: கெமிஸ்ட்ரியில் எஃப் வந்துவிடும்போல் இருக்கிறது. டபிள்யூ போடலாமா அக்கா? (மாணவி, சான் ஹோசே)

ப: எஃப் நிச்சயம் என்றால் போடலாம். வேகக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான், எடுத்ததில் சேரும், முடித்ததில் சேராது. ஆனால் எஃப் ஜி.பி.ஏ.வையும் சேர்த்து இழுக்கும். ஒரு ‘டி’க்காவது வாய்ப்பு இருந்தால் முதலில் பேராசிரியரைப் போய்ப் பார். டியைத் தேர்ச்சியாகக் கொண்டு கிரெடிட் தரும் கல்லூரியில் வேகக் கணக்கு தப்பும், மேஜர் பாடமாக இருந்தால் மட்டும் அது போதாமல் போகலாம். ‘இன்கம்ப்ளீட்’டும் முடியும்வரை முடிக்காததுதான். செமஸ்டரின் முதல் நாட்களில் ஆட்-டிராப் காலம் ஒன்று உண்டு. அதற்குள் விட்ட பாடம் பொதுவாக எந்தக் கணக்கிலும் வராது. அந்தத் தேதியை அடுத்த முறை போனில் குறித்து வைத்துக்கொள்.

கே: முதல் ஆண்டில் நிதியுதவியே வாங்கவில்லை. அப்பா கட்டினார். அதுவும் கணக்கில் வருமா?

ப: வரும். பணம் யாருடையது என்று பார்ப்பதில்லை. நீ எடுத்த பாடமா என்று மட்டும் பார்ப்பார்கள்.

கே: ஒரு செமஸ்டர் வீட்டில் இருந்தால் சரியாகிவிடும் என்கிறாள் தோழி.

ப: ஆகாது. காலண்டர் நகரும், சதவீதம் அங்கேயே நிற்கும். உடம்புக்கோ மனதுக்கோ ஓய்வு வேண்டுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள், அது வேறு. திரும்பி வரும்போது கணக்கு அப்படியேதான் காத்திருக்கும்.

கே: பணம் கட்டுவது நான். மகளின் மார்க்கைக் காட்ட முடியாது என்கிறது கல்லூரி. இது என்ன நியாயம்? (ஒரு தந்தை, ஃப்ரிமான்ட், கலிஃபோர்னியா)

ப: இந்த நாட்டுச் சட்டத்தின் நியாயம் ஐயா. ஃபெர்பா என்கிற 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் கல்விப் பதிவுகளின் உரிமை பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது. வருமான வரிக் கணக்கில் நீங்கள் மகளைச் சார்ந்தவராகக் காட்டியிருந்தால் கல்லூரி உங்களுக்குக் காட்டலாம். காட்டியே தீர வேண்டும் என்பதில்லை.

சட்டத்தை விடுங்கள். உங்கள் கடிதத்தில் “மார்க்” என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. மகள் எப்படி இருக்கிறாள் என்று ஓரிடத்திலும் இல்லை. நிதியுதவி நின்றுபோன பிள்ளைகளோடு பேசும்போது நான் அதிகம் கேட்கிற வாக்கியம், “அப்பாகிட்ட சொல்ல முடியல.” அந்த மெயிலை மூன்று மாதம் திறக்காமலே வைத்திருந்த பெண்ணை எனக்குத் தெரியும். உதவியைத் திரும்பக் கேட்டு எழுதும் மனுவுக்கான, அதாவது அப்பீலுக்கான, அவளுடைய தேதி மூன்றாம் வாரத்திலேயே முடிந்துவிட்டது. கணக்கில் சறுக்கியதைவிட அந்த மூன்று மாத மௌனத்தில் அவள் இழந்தது அதிகம். இன்று இரவு மகளுக்குப் போன் போட்டு, “நிதியுதவி ஆபீஸிலிருந்து ஏதாவது வந்ததா? வந்திருந்தால் சேர்ந்து பார்ப்போம், திட்டமாட்டேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.

கே: உதவியை நிறுத்திவிட்டார்கள். அப்பீல் எழுதச் சொல்கிறார்கள். போன வருடம் முழுக்க எனக்கு மனசே சரியில்லை. படுக்கையை விட்டு எழவே முடியாத நாட்கள். அதையெல்லாம் எழுதலாமா? எழுதினால் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ? (பெயர் வேண்டாம் என்றவர், சிகாகோ)

ப: எழுதலாம். எழுத வேண்டும். உறவினரின் மரணம், மாணவரின் காயம் அல்லது நோய், மற்ற விசேஷச் சூழ்நிலைகள் ஆகியவற்றை விதியே காரணங்களாகச் சொல்கிறது. மனச்சோர்வு நோய்தான். கால் முறிந்திருந்தால் மறைத்திருப்பாயா?

அப்பீலை அனுமதிக்கிற கல்லூரியில், கடிதம் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏன் தவறியது? இப்போது என்ன மாறியிருக்கிறது? நம் பிள்ளைகள் முதல் கேள்விக்கு வெட்கப்பட்டு ஒரு வரி எழுதுகிறார்கள், இரண்டாவதை மறந்தே போகிறார்கள்.

என் தங்கை மகன் முதலில் எழுதிய கடிதத்தைச் சொல்கிறேன், அவனுடைய அனுமதியோடு. “சில சொந்தப் பிரச்சினைகளால் சரியாகப் படிக்க முடியவில்லை. இனிமேல் கடுமையாக உழைப்பேன் என்று உறுதி கூறுகிறேன்.” அவ்வளவுதான். மறுத்துவிட்டார்கள். படிக்கிற குழுவுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. கூடுதல் விவரம் கொடுத்து மறுபடி கேட்க அந்தக் கல்லூரியில் இடமிருந்தது. இரண்டு நாள் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதினான். எந்த மாதம் தூக்கம் கெட்டது, எந்தப் பாடத்துக்குப் போவதை எப்போது நிறுத்தினான், எப்போது கவுன்சலரிடம் போனான். பிறகு மாற்றத்தை எழுதினான். வாரம் ஒருமுறை கவுன்சலரைப் பார்க்கிறேன், வேலை நேரத்தை 25 மணியிலிருந்து 10 மணியாகக் குறைத்துவிட்டேன், அடுத்த செமஸ்டருக்கு 12 கிரெடிட்தான், கால்குலஸுக்கு டியூட்டரிங் பதிவு செய்தாயிற்று. கவுன்சலரின் கடிதத்தையும் மேலாளர் தந்த வேலை நேரத் தாளையும் இணைத்தான். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. ஏற்றுக்கொண்டார்கள்.

அழுது எழுதத் தேவையில்லை, அலங்காரமும் வேண்டாம். தேதி, காரணம், சான்று, திட்டம் இருந்தால் போதும். நடந்ததில் உன் தவறு ஏதாவது இருந்தால் அதையும் சொல். அந்தரங்க விவரம் எல்லாவற்றையும் கொட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, சிகிச்சையில் இருக்கிறேன் என்று மருத்துவர் தரும் நாலு வரிக் கடிதமே பெரிய சான்று. இன்னும் யாரையும் பார்க்கவில்லை என்றால், அப்பீலுக்கு முன்னால் அதைச் செய். அநேகக் கல்லூரிகளில் கவுன்சலிங் மையம் மாணவர்களிடம் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. அப்பீலுக்காக இல்லாவிட்டாலும் போ, உனக்காகப் போ.

கே: பாட்டிக்கு ரொம்ப முடியவில்லை. செமஸ்டர் நடுவில் திருச்சிக்குப் போயாக வேண்டும். எல்லாப் பாடத்தையும் விட்டால் என்ன ஆகும்? (மாணவர், ராலே, வட கரோலினா)

ப: பாட்டியைப் போய்ப் பார். கிளம்பும் முன் ஒரு மணி நேரம் நிதியுதவி அலுவலகத்துக்குக் கொடு.

எல்லாப் பாடத்தையும் விட்டால் எஸ்.ஏ.பி. தவிர இன்னொரு கணக்கு திறக்கும். செமஸ்டரின் 60 சதவீத நாட்களைத் தாண்டுவதற்கு முன் விலகினால், இருந்த நாட்களுக்கு உரிய உதவி மட்டும்தான் உனக்குச் சொந்தம், மீதி அரசுக்குத் திரும்ப வேண்டும். 15 வார செமஸ்டரில் அந்தக் கோடு ஏறக்குறைய ஒன்பதாவது வாரம். நான்காவது வாரக் கடைசியில் போனால் கால் பங்கும் கொஞ்சமும்தான் உன்னுடையது. கல்லூரி மீதியைத் திருப்பிக் கட்டிவிட்டு உன் பெயரில் பில் போடலாம். பல பிள்ளைகள் ஊரிலிருந்து திரும்பியதும் அந்த பில்லைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஆகவே கேள்: ஒன்றிரண்டு பாடத்தையாவது தொலைவிலிருந்து முடிக்க வழி உண்டா? பேராசிரியர்கள் இன்கம்ப்ளீட் தருவார்களா? சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. விமான டிக்கெட், மருத்துவமனைத் தாள் எல்லாவற்றையும் படம் எடுத்து வை. அப்பீல் எழுத நேர்ந்தால் உதவும்.

கே: பயாலஜியில் சேர்ந்து, எக்கனாமிக்ஸ் போய், இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ். எனக்கு எத்தனை கிரெடிட் வரை உதவி?

ப: முதலில் சொன்ன ஒன்றரை மடங்குதான். மேஜர் மாறும்போது புதிய பட்டத்துக்குப் பொருந்தும் கிரெடிட்டை மட்டும் எண்ணுகிற கல்லூரிகள் உண்டு. உன் கல்லூரியின் எஸ்.ஏ.பி. கொள்கையில் எப்படி என்று பார். ஒரு விஷயம் கவனி. 180ஐத் தொட்டால்தான் உதவி நிற்கும் என்றில்லை. அதற்குள் முடிக்க முடியாது என்று கணக்கில் தெரிந்த அன்றே நிற்கும். பெல் கிராண்டுக்குத் தனியாக வாழ்நாள் எல்லை ஒன்றும் இருக்கிறது: 600 சதவீதம், முழுநேரமாகப் படித்தால் பன்னிரண்டு செமஸ்டர்.

கே: சி வாங்கிய பாடத்தை ஏ வாங்குவதற்காக மறுபடி எடுக்கலாமா?

ப: தேறிய பாடத்தை உதவிப் பணத்தில் ஒரு முறைதான் திரும்ப எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் எடுத்த கணக்கில் ஏறும். மருத்துவக் கல்லூரி போன்ற தெளிவான காரணம் இல்லாவிட்டால் சியை சியாகவே விட்டுவிடு.

கே: கோயம்புத்தூரிலிருந்து எஃப்-1 விசாவில் வந்து படிக்கிறேன். இது எனக்கும் உண்டா?

ப: ஃபெடரல் உதவியே எஃப்-1 மாணவர்களுக்குக் கிடையாது, எச்-4இல் இருக்கும் பிள்ளைகளுக்கும் கிடையாது. குடியுரிமை, கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு உண்டு. அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் அடைக்கலம் வழங்கப்பட்டவர்களுக்கும் உண்டு. இலங்கையிலிருந்து அப்படி வந்த குடும்பங்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடக் கூடாது. உங்கள் கவலை வேறு: விசாவுக்கு முழுநேரப் படிப்பு வேண்டும். எந்தப் பாடத்தையும் விடுவதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள்.

கே: மகள் எஸ்.ஏ.பி.யில் தேறிவிட்டாள். ஜார்ஜியாவின் ஹோப் உதவித்தொகையும் பத்திரம்தானே? (ஒரு தாய், ஆல்ஃபரெட்டா)

ப: தனியாகப் பாருங்கள். ஹோப் தொடர 3.0 ஜி.பி.ஏ. வேண்டும். 30, 60, 90 கிரெடிட் எடுத்த கட்டங்களில் சோதிப்பார்கள். ஃபெடரலுக்குப் போதுமான 2.5, ஹோப்புக்குப் போதாது.

கே: இருபது வருடம் முன்பு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து, குழந்தை பிறந்ததும் பாதியில் விட்டேன். நாலு எஃப். இப்போது வயது 43, நர்ஸிங் படிக்க ஆசை. அந்த எஃப் எல்லாம் இன்னும் இருக்குமா? (டெட்ராய்ட் வாசகி)

ப: இருக்கும். அதே கல்லூரிக்குத் திரும்பினால் எஸ்.ஏ.பி. கணக்குக்கு ஞாபகம் நிறைய. ‘அகடமிக் ரினியூவல்’ என்று பழைய கிரேடை ஜி.பி.ஏ.விலிருந்து நீக்கும் கல்லூரிகள் உண்டு, ஆனால் ஃபெடரல் உதவிக்கு அந்த மன்னிப்பு செல்லாது. நர்ஸிங்குக்குப் பொருந்தும் பாடங்களாக இருந்தால் எண்ணித்தான் ஆகவேண்டும்.

இதைப் படித்துவிட்டுப் பின்வாங்காதீர்கள். அப்பீல் உங்களுக்காகவே இருக்கிறது. கைக்குழந்தையோடு படிப்பை விட்ட காரணமும், இருபது ஆண்டில் மாறிய வாழ்க்கையும் சேர்ந்தால், இரண்டு கேள்விக்கும் உங்களிடம் முழுப் பதில் இருக்கிறது. வேறு கல்லூரியில் சேர்ந்தால், அவர்கள் ஏற்றுக்கொண்ட மாற்றுக் கிரெடிட்தான் கணக்கில் வரும். எஃப் வாங்கிய பாடம் மாற்றிக்கொண்டு வராது. ஆனால் விண்ணப்பத்தில் பழைய கல்லூரியை மறைக்கக் கூடாது. ஃபெடரல் உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை இந்த வாரமே திறந்துவிடுங்கள். அதை ஒவ்வொரு ஆண்டும் நிரப்ப வேண்டும்.

கே: அப்பீலை மறுத்துவிட்டார்கள். வாஷிங்டனுக்கு, கல்வித் துறைக்கே எழுதலாமா?

ப: எழுதிப் பயனில்லை. இதில் கல்லூரியின் முடிவே இறுதி. மறுத்த காரணத்தைக் கேள், புதுச் சான்று இருந்தால் மறுபடி பார்ப்பார்களா என்று கேள். இல்லையென்றால் சொந்தப் பணத்தில் சில பாடங்களை முடித்துக் கணக்கை நேராக்கலாம். அது தேறினால் உதவி திரும்பும். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் எடுத்தால் செலவு குறைவு. உன் கல்லூரி ஏற்றுக்கொள்ளும் மாற்றுக் கிரெடிட், எடுத்ததிலும் முடித்ததிலும் சேர்ந்தே ஏறும், வேகம் தேறும். ஜி.பி.ஏ.தான் உன் குறை என்றால் பல இடங்களில் இது உதவாது. பணம் கட்டும் முன், “இந்தப் பாடம் ஏற்கப்படும்” என்று அட்வைசரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்.

கே: அக்கா, அப்பீல் ஏற்றுக்கொண்டார்கள்! புரோபேஷன், கூடவே ஒரு அகடமிக் பிளான். சந்தோஷத்தில் சரியாகப் படிக்கவில்லை. அதில் என்ன பார்க்க வேண்டும்?

ப: மனம் நிறைந்தது. இப்போது உட்கார்ந்து படி. எத்தனை கிரெடிட், ஒவ்வொரு செமஸ்டரும் எவ்வளவு ஜி.பி.ஏ., டபிள்யூவுக்கு அனுமதி உண்டா என்று அதில் இருக்கும். பல திட்டங்களில் ஒரே ஒரு டபிள்யூ போட்டாலும் உதவி போய்விடும். பிளானில் சொன்னபடி நடக்கிற வரை, மொத்தக் கணக்கு இன்னும் 67ஐ எட்டாவிட்டாலும் பணம் வரும். அட்வைசரின் பெயரும் அறை எண்ணும் தாளில் இருக்கும். ஃபால் தொடங்கிய முதல் வாரமே போய்ப் பார். பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.